பாவம் ராத்தாவை முந்தியவர்கள்

கல்முனைக்கும் இறக்காமத்துக்கும் இடையில் பாவம் ராத்தாவின் வேனை முந்தாத வாகனம் ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை. பஸ், லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் கணக்கிலேயே சேராது. நெல் வெட்டும் மெஷின் முந்தியிருக்கிறது. ஐஸ்கிரீம்காரர் பாட்டுப் போட்டபடி முந்தியிருக்கிறார். மாவடிப்பள்ளிப் பாலத்து ஏற்றத்தில் ஒரு நாள், காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த ஒரு மனிதர் எங்களை முந்தினார். முந்தும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஏதும் உதவி வேண்டுமா என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

வேன் அப்படி. ஜப்பானில் ஒரு காலத்தில் வெள்ளையாகப் பிறந்தது. எங்கள் ஊர் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து, என்ன நிறமென்று யாராலும் சொல்ல முடியாத நிலைக்கு வந்திருந்தது. மூச்சைப் பிடித்து ஓடினால் மணிக்கு முப்பது கிலோமீட்டர். எட்டு டீச்சர்மார் ஏறினால் இருபத்தைந்து. பரீட்சைப் பேப்பர் கட்டுகளோடு ஏறினால் எவ்வளவு என்று பார்க்க முள் அசைய வேண்டும், அது அசையாது. இறக்காமத்தில் பாலுக்கு உறை விட்டு அந்த வேனில் ஏற்றினால் கல்முனையில் தயிராகவே இறக்கலாம் என்பதை நான் பொறுப்பாகச் சொல்வேன்.

ராத்தாவின் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் பாவம் ராத்தா; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். பின்னால் வருகிறவன் ஹோனை அமுக்கிப் பிடித்தபடி வந்து, எங்களை வாயில் வந்தபடி ஏசிவிட்டு முந்துவான். உள்ளே நாங்கள் எட்டுப் பேரும் கொதிப்போம். ராத்தா மட்டும் வலது கையை வெளியே நீட்டி வழி காட்டிவிட்டு, "பாவம், பொஞ்சாதிக்கு புள்ளப்பெற நோவு கண்டிருக்கும் போல" என்பார். அடுத்தவன் இன்னும் மோசமாக முந்துவான். "பாவம், வவுத்தால போகுதாக்கும். கெதியா வீட்ட போய்ச் சேரட்டும்." அவர் ஸ்டியரிங் பிடித்த புதிதில், ஒரு பொம்பிளை வேன் ஓட்டுவதா என்று தேத்தண்ணிக் கடையில் பேசிய ஆட்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாவம், வீட்டில் அவர்களைக் கதைக்க விடுவதில்லையாக்கும் என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. ராத்தா தான் சொன்னதைத் தானே நம்பிவிடுவார். நம்பிவிட்டால் நலம் விசாரிக்காமல் விடமாட்டார். காரைதீவுச் சந்தியில் ஒரு சிவப்புக் கார் எங்களை மதிலோடு ஒதுக்கிவிட்டு முந்திய அன்று, அதை ஓட்டியவருக்கு வயிற்றுப்போக்கு என்று ராத்தா தீர்மானித்தார். அடுத்த கிழமை ஏதோ அலுவலாக அவர் வங்கிக்குப் போக, நானும் கூடப் போயிருந்தேன். கண்ணாடி அறைக்குள் கழுத்துப்பட்டியோடு இருந்த மெனேஜர் அந்தச் சிவப்புக் கார்க்காரர். ராத்தா வரிசையை விட்டு நேரே உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. "மகன், வவுறு இப்ப எப்பிடி? நிண்டிட்டா? வெறுந் தேத்தண்ணிக்குள்ள தேசிக்காய் புளிஞ்சி குடிங்க" என்றார். வங்கியில் அத்தனை பேனாவும் நின்றன. மெனேஜர் என்ன செய்வார், சுகம் என்று சொல்லித் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சிவப்புக் கார் எங்கள் பின்னால் வந்தால் சம்மாந்துறை வரைக்கும் பின்னாலேயே வரும். முந்தாது.

இதே போல மருதமுனையில் கலியாணம் ஆகாத ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம், பிறந்தது ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று அவருடைய உம்மாவை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டார். அந்தச் சண்டையைத் தீர்க்க நானும் இன்னும் இரண்டு டீச்சர்மாரும் போக வேண்டி வந்தது.

நான் அந்த வேனில் ஆறு வருஷம் போய் வந்தேன். இறக்காமத்துக்கு அப்பால், யானை வேலிக்குப் பக்கத்தில் எங்கள் பாடசாலை. என்னுடைய இடம் பக்கக் கதவோரம். கதவுக்குக் கொளுக்கி இல்லாததால் போகும்போதும் வரும்போதும் அதை உள்ளிருந்து ஒருவர் பிடிக்க வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. காலை ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தவர் பிந்தியவர். அதற்காக ராத்தா விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு எங்களை ஏற்றத் தொடங்குவார். அப்படியும் மாதத்தில் நாலைந்து நாள் கோட்டுக்குக் கீழேதான் எங்கள் எட்டுப் பேரின் கையெழுத்தும் வரிசையாக இருக்கும். நடந்தா வருகிறீர்கள் என்று அதிபர் ஒரு நாள் கேட்டார். நடந்து வருகிறவர்கள் எங்களுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள் என்று சொல்ல வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.

வேறு வேன் பிடித்திருக்கலாமே என்பீர்கள். பிடித்திருப்போம், முன் இருக்கையில் எக்ஸ்பிரஸ் காக்கா இல்லாவிட்டால்.

எக்ஸ்பிரஸ் காக்கா ராத்தாவின் புருஷன்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கொழும்பு பஸ் ஓட்டிய மனிதர். அவருடைய பஸ்ஸில் ஏறியவர்கள் மகியங்கனை மலை வளைவுகளில் கலிமா சொல்லிக்கொண்டே போனதாகவும், இறங்கியதும் அவருக்கே நன்றி சொன்னதாகவும் கேள்வி. அவரை முந்திய வாகனம் ஒன்றிருந்தால் அது ஹெலிகொப்டர்தான். அப்படிப்பட்டவரை ஒரு நாள் பாரிசவாதம் விழுத்தியது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. எல்லாம் விளங்குகிறது, சொற்கள்தான் உள்ளே சிக்கிக் கிடக்கின்றன, எப்படியாவது கதைக்க வையுங்கள் என்று வைத்தியர் சொன்னார். ராத்தா அவர் முன்னால் படத்தைக் காட்டினார், மணிக்கூட்டைக் காட்டினார், பழைய பஸ் டிக்கெட்டைக் கூடக் காட்டினார். காக்கா பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று.

பிறகுதான் ராத்தா இந்த வேனை வாங்கி டீச்சர்மாரை ஏற்றத் தொடங்கினார். நல்ல காலத்தில் காக்காவே அவருக்கு வயல் றோட்டில் ஓட்டப் பழக்கியிருந்தார். மனிதரைத் தனியே வீட்டில் விட முடியாது, அதனால் இடது பக்க இருக்கையில் ஏற்றிக்கொண்டார். மூன்றாம் நாள், வீரமுனைக்குக் கிட்ட, ஒரு மணல் லொறி எங்களை உரசுகிற மாதிரி முந்தியது. காக்கா ராத்தாவின் மடிக்கு மேலால் சாய்ந்து, இடது கையை ஜன்னலுக்கு வெளியே ஓங்கி, "எருமக்கடா" என்றார்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். ராத்தா வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, புல்லில் நெற்றியை வைத்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். அன்றைக்கு எங்கள் கையெழுத்து கோட்டுக்கு வெகு கீழே விழுந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதிலிருந்து வேனுக்குள் இரண்டு குரல் கேட்கத் தொடங்கியது. யாராவது முந்தினால் வலது பக்கமிருந்து "பாவம்" வரும், இடது பக்கமிருந்து ஏச்சு வரும். எருமையில் தொடங்கிய காக்கா கண் பொட்டைக்கு முன்னேறினார். பிறகு, உனக்கு லைசன் தந்தவன் ஆரடா என்று முழு வசனமாகக் கேட்டார். நாங்கள் எட்டுப் பேரும் பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரிச் சந்தோஷப்பட்டோம். ஆனால் எல்லாம் வேனுக்குள் மட்டும்தான். வீட்டு வாசலில் இறங்கினால் வாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுவார்.

இப்படி இருக்கையில்தான் மகள் ஷிபானாவுக்குக் கலியாணம் முற்றாயிற்று. சாய்ந்தமருது மாப்பிள்ளை, நல்ல இடம். வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு நிகாஹ். எங்கள் நிகாஹில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை இந்த மஹருக்கு உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று சாட்சிகள் கேட்க வாயால் சொல்வது வழக்கம்; மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை. பேச முடியாதவர் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், குற்றமில்லை. ராத்தாவின் தம்பி அதற்குத் தயாராகவே இருந்தார். அதைச் சொன்னபோது காக்கா மறுத்துத் தலையாட்டினார். பிறகு இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கண் நிறைந்துவிட்டதாம்.

ராத்தா இதை அடுத்த நாள் கியர் மாற்றிக்கொண்டே எங்களிடம் சொன்னார். "அவர்ர புள்ளய அவர்ர வாயாலதான் குடுக்கணும் டீச்சர். ஏசுற வாய்க்கு இதச் சொல்லவும் ஏலும்."

அன்றே பாடம் தொடங்கிவிட்டது. யாராவது முந்தி, காக்கா ஏசி முடித்து, வாய் சூடாக இருக்கும்போதே ராத்தா அடுத்த சொல்லைக் கொடுப்பார். காரைதீவில் "என்ட" வந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு மாவடிப்பள்ளியில் "மகள்" வந்தது. சிக்கல் என்னவென்றால், ஒரு வாகனம் முந்தினால் வருகிற புதுச் சொற்களோடு பழைய ஏச்சும் ஒட்டிக்கொண்டு வரும். மாப்பிள்ளைக்குப் பதிலாக நாங்கள் ஒருவர் மாறி ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருப்போம். "என்ட மகள எருமக்கடா" என்று அவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். கலியாணத்தன்று இது நடந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நித்திரை வராது.

இந்த நேரத்தில்தான் படித்த பெண்கள் நாங்கள் எட்டுப் பேரும் கூடி ஒரு புத்திகெட்ட வேலை செய்தோம். பாடசாலை விடுமுறை வந்தது. கலியாண வேலையில் ராத்தா அலைகிறார், வேன் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் கவலைப்பட்டோம். உண்மையைச் சொன்னால் சிவப்புக் கோடும் மனதில் இருந்தது. பராமரிப்புக்கு என்று சொல்லி வேனைக் கராஜுக்கு எடுத்துப்போய், ராத்தாவுக்குத் தெரியாமல் நல்லதொரு ரீகண்டிஷன் எஞ்சினைப் பூட்டினோம். கலியாண அன்பளிப்பு. சாவியைக் கொடுத்தபோது ராத்தா எங்கள் எட்டுப் பேரையும் கட்டிப்பிடித்து அழுதார்.

விடுமுறை முடிந்து முதல் நாள் வேன் அறுபதில் பறந்தது. கதவைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் போதவில்லை. பாடசாலைக்குப் போனால் கேட் இன்னும் திறக்கவில்லை. அதிபர் வந்து எங்களைக் கண்டு, ஏதோ போராட்டம் நடக்கிறதென்று பயந்துபோனார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. வேனுக்குள் சத்தமில்லை. எங்களை யாரும் முந்தவில்லை. ராத்தாவுக்குப் பாவம் சொல்ல ஆளில்லை. காக்கா முன் கண்ணாடியைப் பார்த்தபடி, வீட்டில் இருப்பதைப் போலவே இருந்தார்.

வேனில் போவதுதான் அவருக்கு மருந்து என்று நாங்கள் நினைத்திருந்தோம். முந்துகிறவர்கள்தான் மருந்து என்பது எங்கள் எட்டுப் பேரின் பட்டப்படிப்புக்கும் எட்டவில்லை. ராத்தாவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. எங்கள் மனம் நோகக் கூடாதென்று வாய் திறக்கவில்லை. பாவம், நல்லதை நினைத்துத்தானே செய்தார்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். ஆக, நாங்களும் அந்த மணல் லொறியோடு ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டோம். நிகாஹுக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. காக்காவிடம் "என்ட" கூட மிச்சமில்லை.

மெதுவாக ஓட்டினால் போச்சு, இதற்கென்ன என்று நான் சொன்னேன். ராத்தா தலையாட்டவில்லை. ஒரு நாள் இருபதில் ஓட்டிப் பார்த்தாராம். பின்னால் பஸ் ஒன்று ஹோன் அடிக்க அடிக்க அவருக்கு நெஞ்சு பதறிவிட்டதாம். "அந்த எஞ்சினால ஏலா, அதால மெதுவாப் போன. அது குத்தமில்ல. இதால ஏலும். ஏலுமா இருந்துக்கிட்டு ஆக்கள மறிச்சா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் வந்து அல்லாட்ட என்னக் கேப்பான் டீச்சர்." இஸ்லாம் பாடம் படிப்பிக்கிற டீச்சரைப் பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, ராத்தா சொல்வது சரிதான் என்றார். அன்றைக்கு எனக்கு அந்த டீச்சர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

ஆகவே பழைய எஞ்சின் வேண்டும். கராஜ்காரர் அதை நற்பிட்டிமுனை வயற்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். சனிக்கிழமை நாங்கள் எட்டு டீச்சர்மாரும் ராத்தாவும் காக்காவும் வரம்பில் வரிசையாக நடந்து போனோம். எங்கள் எஞ்சின் ஒரு மரக்கட்டையில் ஏறி இருந்து, வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. இறைக்கிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். புதிய எஞ்சினைத் தருகிறோம், அந்தப் பழையதைத் தாருங்கள் என்றபோது வயற்காரர் எங்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தார். "அக்கா, நல்லா யோசிச்சுத்தான் கேக்கிறீங்களா?" என்றார். ராத்தா நடந்ததை எல்லாம் சொன்னார். அந்த மனிதர் காக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து ஆணியைக் கழற்றத் தொடங்கினார். இப்போது அந்தப் புதிய எஞ்சின் அவருடைய வயலையும் பக்கத்து வயல்களையும் சேர்த்து நனைக்கிறதாம். ஒரு தரம் வரம்பையும் அடித்துக்கொண்டு போயிற்றாம்.

திங்கட்கிழமை வேன் மறுபடி இருபத்தைந்துக்கு வந்தது. சாய்ந்தமருதைத் தாண்டுமுன் ஓர் ஓட்டோ ஹோன் அடித்துக்கொண்டு முந்தியது. எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இடது இருக்கையைப் பார்த்தோம். காக்கா மெல்ல நிமிர்ந்தார். வாயிலிருந்து வந்ததை இந்தச் சஞ்சிகையில் எழுத முடியாது. நாங்கள் கை தட்டினோம். பாடமும் மறுபடி தொடங்கியது.

நிகாஹ் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ராத்தாவின் வீட்டு மண்டபத்தில் ஊர் நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் நாங்கள் உள் அறையில் திரைக்குப் பின்னால். காக்கா புதுச் சாரமும் தொப்பியுமாக மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்தார். வாதம் வந்த அந்த வலது கையை மாப்பிள்ளை தன் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். மௌலவி, சொல்லுங்கள் காக்கா என்றார். "எ" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகும் ஒரு "எ". அதற்கு மேல் வரவில்லை. திரையின் விளிம்பால் பார்த்தேன், கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, நெற்றியால் வியர்வை வழிந்தது. தலையசைத்தாலும் போதும், இல்லாவிட்டால் ராத்தாவின் தம்பியிடம் ஒப்படைக்கலாம் என்று மௌலவி மிகவும் பதமாகச் சொன்னார். காக்கா மாப்பிள்ளையின் கையை விடவில்லை. எனக்குப் பக்கத்தில் மணப்பெண் ஷிபானா மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ராத்தா திரைக்கு உள்ளே நின்றபடியே கேட்டார். "மௌலவி, நிகாஹ் வேனுக்குள்ள செஞ்சாக் கூடுமா?"

மௌலவி சிரிக்காமல் யோசித்தார். அதற்காகவே அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. "கூடும். சாட்சி ரெண்டு பேருக்கும் தெளிவாக் கேக்கணும்."

அங்கேதான் சிக்கல். அந்த வேன் ஓடுகையில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது. சாட்சிகளில் ஒருவர் தனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று உண்மையை ஒத்துக்கொண்டு விலக, கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற ஒருவரை இழுத்துவந்து ஏற்றினோம். ராத்தா ஸ்டியரிங்கில். காக்கா அவருடைய வழக்கமான இருக்கையில் பின்பக்கம் திரும்பியபடி. நடு இருக்கையில் மாப்பிள்ளையும் மௌலவியும். பின்னால் சாட்சிகள். கதவை நான் பிடித்தேன், அந்த வித்தை வேறு யாருக்கும் தெரியாது. வேன் ஒழுங்கையால் இருமிக்கொண்டு மெயின் றோட்டுக்கு ஏறியது.

இதை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம். வாசலில் நின்ற அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், தங்கள் பிள்ளையை ஒரு பழைய வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், கார் என்று கையில் கிடைத்ததில் ஏறி ஹோன் அடித்துக்கொண்டு துரத்தத் தொடங்கினார்கள். அந்த வேனைத் துரத்துவது பெரிய வேலையா என்ன, ஒரு நிமிஷத்தில் முந்திவிட்டார்கள்.

முதலில் முந்தியவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. மோட்டார் சைக்கிளை ஜன்னலோடு ஒட்டி ஓட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். காக்காவின் வாய் திறந்தது. "என்ட மகள் ஷி... கண் பொட்டையா, றோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார். மாமா திகைத்துப் பின்னால் போனார். மாப்பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார் மௌலவி. இரண்டாம் தடவை "ஷிபானாவ" வரைக்கும் வந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து ஒரு கொழும்பு பஸ் எங்களை முந்தியது. காக்கா அதற்குச் சொன்னது வேன் ஏறிய மூன்று வருஷத்தில் அவர் சொன்னவற்றிலேயே நீளமானது. அதில் அந்தப் பஸ்ஸின் பிரேக், டயர், சாரதியின் பரம்பரை எல்லாம் அடங்கியிருந்தன. மௌலவி பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் ஓதிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். ஏலக்காரச் சாட்சி மட்டும், தெளிவாகக் கேட்டது என்று கையை உயர்த்தினார்.

ராத்தா றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காக்காவிடம், "மச்சான், ஒங்கட புள்ள வீட்டுல பாத்துக்கிட்டிரிக்காள்" என்றார்.

காக்கா மாப்பிள்ளையைப் பார்த்தார். "என்ட மகள்" என்றார். வேன் ஊர்ந்தது. "ஷிபானாவ." இடையில் ஓர் ஓட்டோ ஹோன் கதற முந்தியது. காக்காவின் கண் அதன் பின்னால் போயிற்று, வாய் ஏச்சுக்குத் திறந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வந்ததை அவர் விழுங்கினார். திரும்பவும் மாப்பிள்ளையைப் பார்த்தார். "இந்த மஹருக்கு. ஒங்களுக்கு." நான் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "நிகாஹ் செஞ்சி தந்தன்."

ஒரு வசனத்துக்கு ஏறக்குறையக் கால் மைல் பிடித்தது. ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொல்ல அரை நொடியும் பிடிக்கவில்லை. இன்னொரு வாகனம் முந்திவிடும் என்று அவருக்கும் பயம்.

வேன் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தபோது சனம் மொய்த்துவிட்டது. மௌலவியை ஒருவர் கட்டிப்பிடித்தார், தாய்மாமாவை ஒருவர் சமாதானப்படுத்தினார், மாப்பிள்ளையைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனார்கள். ராத்தா எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். விடியற்காலை மூன்று மணியிலிருந்து அந்த மனுஷி அடுப்படியிலும் வாசலிலுமாக நின்றது எனக்குத் தெரியும். ஒழுங்கையில் ஒரு வாகனமும் இல்லை. ஹோன் சத்தம் இல்லை. முந்துவதற்கு யாருமில்லை.

காக்கா அவர் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எனக்கு விளங்கியது, ஆனால் அவர் வழக்கமாகச் சொல்கிறதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

"புள்ள, நீ சோறு திண்டயா?"

ஊரில் ஒவ்வொரு சாரதிக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்த ராத்தா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "இல்ல மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் பந்தலுக்குப் போய், ஆறு பேருக்கு வைக்கிற ஒரு முழுச் சஹன் தட்டுச் சோற்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். எத்தனை பேருக்கு என்று வழியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.